தொடக் கூடாத பேசின்

தம்பிகளே, தங்கச்சி நீயும்தான்,

நம்ம பிளம்பர் குரூப்பில் நீங்கள் போடும் வீடியோக்களை ஒன்று விடாமல் பார்க்கிறேன். முட்டி போய்விட்டது, குனிந்தால் நிமிர முடியவில்லை. அதனால் வேலையை விட்டேனே தவிர, பார்ப்பதை விடவில்லை. "அண்ணே, பேசின்லேர்ந்து நாத்தம் வருது, இன்னா பண்றது?" என்று எழுதி, பேசினைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்து அனுப்புகிறீர்கள். ஏன்பா, போனில் நாற்றம் வருமா? மூக்கு உங்களிடம் இருக்கிறது, கேள்வி மட்டும் என்னிடம் வருகிறது.

போன வாரம் வந்த ஒரு வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். யாருடையது என்று சொல்லமாட்டேன், மானம் போய்விடும். அதில் பேசின் பக்கம் என் கண்ணே போகவில்லை. பின்னாலிருந்து ஒரு அம்மாவின் குரல் கேட்கிறது: "அத்த மட்டும் தொடாதப்பா." நம்ம ஆள் "சரிம்மா, சரிம்மா" என்கிறான். கை பாட்டுக்குப் பேசினுக்கு அடியில் இருக்கும் டிராப்பைத் திருகிக்கொண்டிருக்கிறது. இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாத ஒன்றை இப்போது எழுத உட்கார்ந்ததற்கு அந்த வீடியோதான் காரணம்.

நானும் அதேபோல் ஒரு டிராப்பைத் திருகினேன். லில்லி அக்கா என்று ஒருவர், நாற்பது நாளாக அதற்குள் கொஞ்சம் தண்ணீரைக் காத்து வைத்திருந்தார். இறந்துபோன அவர் வீட்டுக்காரர் கடைசியாக முகம் கழுவிய தண்ணீர் அது. அதை நான் கக்கூஸில் கொட்டினேன். கொட்ட எவ்வளவு நேரம் ஆகும், சொல்லுங்கள்?

முதலிலிருந்து சொல்கிறேன்.

சாம்பியன் ரீப்ஸில், தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய பழைய லைன் வீடுகளில் ஒன்றில்தான் லில்லி அக்காவும் சாமுவேல் அண்ணனும் இருந்தார்கள். சுரங்கம் மூடிய பிறகு அண்ணன் பெங்களூரில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தார். தினமும் விடியற்காலை ரயில். ஊரில் பாதிப் பேரின் பிழைப்பு அந்த ரயிலில்தான் ஓடியது, இப்போதும் ஓடுகிறது. மற்றவர்கள் தாடியோடு ரயிலேறி, தூங்கி வழிந்து இறங்குவார்கள். அண்ணன் அப்படி இல்லை. சவரம் செய்யாமல் வாசற்படி தாண்டமாட்டார். "அண்டர்கிரவுண்ட்ல இருந்தப்பவே தினம் ஷேவ் பண்ணவன் நானு. அங்க எவன் மூஞ்சிய பாத்தான்? இப்ப வெளிச்சத்துல வேலை, இப்ப வுட்ருவனா?" என்பார்.

வீட்டில் சவரம் என்றால் என்ன? கதவில் ஆணியடித்துக் கண்ணாடியை மாட்டி, சொம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு, இருட்டில் ஒற்றை பல்பைப் பார்த்து நிற்பதுதான். ஒரு வாஷ் பேசின் வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பின்பக்கம் ஒரு பாத்ரூம் கட்டியதும் என்னைக் கூப்பிட்டார். வெள்ளைப் பேசின், மேலே கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே பிரஷ் வைக்க ஒரு தட்டு. எல்லாம் நான் பூட்டியதுதான்.

அன்றைக்கு வேலை முடிந்ததும் புருஷன் பொண்டாட்டி இருவரையும் நிறுத்திவைத்து ஒரு பிரசங்கம் செய்தேன். எல்லா வீட்டிலும் செய்வேன், அதில் எனக்கு ஒரு பெருமை. பேசினுக்குக் கீழே தொங்கும் டிராப்பைத் தட்டிக் காட்டி, "இதுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும்கா. நீங்க கடைசியா எத்த ஊத்துனீங்களோ அது உள்ளயே நிக்கும். அந்தத் தண்ணிதான் கதவு. அது இருக்கறவரைக்கும் சாக்கடை நாத்தம் வூட்டுக்குள்ள வராது" என்றேன். அண்ணன் குனிந்து பார்த்துச் சிரித்தார். "பாத்தியா லில்லி, நான் வேலைக்குப் போனாலும் என் தண்ணி இங்க காவலுக்கு நிக்குது" என்றார். அக்கா, "ஆமா, பெரிய வாட்ச்மேனு" என்று உள்ளே போனார். நானும் சிரித்துவிட்டு ஸ்பேனரைத் துடைத்துப் பையில் போட்டேன்.

அதன் பிறகு அக்காவுக்கு அலாரம் தேவைப்படவில்லை. பேசினில் அண்ணன் ரேசரைத் தட்டும் சத்தம்தான் அலாரம் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். டக், டக், டக் என்று மூன்று தட்டு. மூன்றாவது தட்டுக்கு அவர் எழுந்து டீ வைப்பார். இப்படியே சில வருடங்கள் போயின. ஒரு நாள் அண்ணன் சவரம் செய்து, டீ குடித்து, ரயிலேறி, பங்காரப்பேட்டை பிளாட்பாரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

நாற்பதாம் நாள் காலை. அவர்கள் மகன் டேனியல் எனக்கு போன் செய்தான். பெங்களூரில் இருப்பவன், ஜெபத்துக்காக முந்தின நாள்தான் வந்திருந்தான்.

"அண்ணே, உடனே வாங்கண்ணே. வூடு பூரா நாறுது. பதினோரு மணிக்கு பாஸ்டர் வராரு, வேலூர்லேர்ந்து சொந்தக்காரங்கல்லாம் வராங்க. சேர் கூட போட்டாச்சு."

போனேன். நல்ல வெயில் காலம். வாசலில் ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் மூக்கில் அறைந்தது, சாக்கடை நாற்றம். டேனியல் பின்னாலேயே வந்தான். "இதுக்குத்தான் சொல்றேன், இந்த வூடு வேணாம், என் கூட வாம்மான்னு. கேக்க மாட்டேங்கறாங்க."

லில்லி அக்கா பாத்ரூம் வாசலில் நின்றிருந்தார். மெலிந்துபோயிருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது இதுதான்: "சேகரு, இன்னா வேணா பண்ணு. அந்தப் பேசின மட்டும் தொடாத."

பார்த்தேன். பேசினின் ஓட்டையில் ரப்பர் மூடி. அதன் மேல் ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தார். கண்ணாடிக்குக் கீழே அண்ணனுடைய பிரஷ், ரேசர் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன.

இங்கேதான் நீங்கள் என்னைக் கவனிக்க வேண்டும். அப்போது நான் வேலை தெரியாதவன் இல்லை. ரொம்பத் தெரிந்தவன். அதுதான் வினை. ஒரு வீட்டில் "அதைத் தொடாதே" என்று சொன்னால் கோளாறு அங்கேதான் இருக்கிறது என்பது என் கணக்கு. கறிக்கொழுப்பைக் கொட்டியிருப்பார்கள், கம்பியை விட்டுக் குத்தி உடைத்திருப்பார்கள், மாமியாருக்குத் தெரியக்கூடாது என்று மூடிவைத்திருப்பார்கள். பத்து வீட்டில் ஒன்பது வீட்டில் அந்தக் கணக்கு சரியாக வந்திருக்கிறது. குனிந்து மூக்கைக் காட்டினேன். பேசினுக்குக் கீழே நாற்றம் தூக்கியடித்தது. முடிந்தது, தீர்ப்பு எழுதிவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"அம்மா அப்படித்தாண்ணே சொல்வாங்க, நீங்க பாருங்க" என்று டேனியல் காதருகில் சொன்னான். அப்புறம், "யம்மா, வேலூர் அத்தை வந்துட்டாங்க பாரு" என்று அவரை வாசலுக்கு அழைத்துக்கொண்டு போனான். உண்மையிலேயே ஆட்டோவில் யாரோ வந்து இறங்கியிருந்தார்கள்.

நான் வாளியைக் கீழே வைத்தேன். டிராப்பின் அடிக்கிண்ணத்தைத் திருகினேன். தண்ணீர் வாளியில் விழுந்தது. வெள்ளையாக, சோப்பு கலந்து, அதில் பொடிப்பொடியாக நரைத்த மயிர். வாளியைத் தூக்கி அப்படியே மூலையில் இருந்த கக்கூஸில் கவிழ்த்து, இன்னொரு மக் ஊற்றி அலசினேன். கிண்ணத்தையும் நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். சுத்தமாக வேலை செய்கிறவன் என்று எனக்குப் பேர், தெரியுமில்லையா?

கிண்ணத்தைத் திரும்ப மாட்டும்போதுதான் மண்டையில் உறைத்தது. தண்ணீர் நிறைய இருந்ததே? நிறைந்திருக்கிற டிராப்பிலிருந்து நாற்றம் எப்படி வரும்? காலடியில் கிடந்த கோணிச்சாக்கை விலக்கினேன். பேசினுக்கு நேர் கீழே, தரைத் தண்ணீர் வடியும் ஓட்டையின் மேல் ஜாலி. அதற்குள் டார்ச் அடித்தேன். தரை டிராப் ஒரு சொட்டு இல்லாமல் வறண்டு கிடந்தது. நாற்பது நாளாக அந்த பாத்ரூமில் யாரும் குளிக்கவில்லை. அக்கா பழையபடி வெளியே, பிளாஸ்டிக் டிரம் பக்கத்தில் மறைப்புக் கட்டிக் குளித்துக்கொண்டிருந்தார். புழங்காத தரை டிராப் வெயிலில் காய்ந்துவிட்டது. பேசினை மூடி வைத்திருந்ததால் அதில் இருந்த தண்ணீர் மட்டும் தப்பியிருந்தது, நான் வரும்வரை.

ஜாலியில் இரண்டு மக் தண்ணீர் ஊற்றினேன். பத்தே நிமிடத்தில் நாற்றம் அடங்கிவிட்டது. இரண்டு மக் தண்ணீர், தம்பிகளே! ஸ்பேனரைத் தொட்டிருக்கவே வேண்டாம்.

பேசினைத் திறந்தது தேவையில்லாத வேலை என்று தெரிந்ததும் எனக்கு வெட்கம். ஏன் தொடாதே என்றார் என்பது அப்போதும் தெரியாது. ஆனால் சொன்னதை மீறிவிட்டேன் என்பது தெரியும். என்ன செய்தேன்? ரப்பர் மூடியை எடுத்து, பேசினில் அரை மக் குழாய்த் தண்ணீர் ஊற்றி டிராப்பை நிரப்பினேன். மூடியைப் போட்டேன். துணியால் துடைத்து, தட்டையும் முன்னால் இருந்த மாதிரியே கவிழ்த்து வைத்தேன். திருடன்கூட அவ்வளவு பொறுமையாகச் செய்திருக்கமாட்டான்.

அக்கா டீயோடு வந்தார். மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "போய்டுச்சே!" என்றார். பிறகு என் கண்ணைப் பார்த்து, "பேசின தொறந்தியா?"

"இல்லக்கா. தரைலதான் கோளாறு. காய்ஞ்சி போச்சு."

அப்பா, எப்படி வந்தது அந்தப் பொய், எவ்வளவு சுளுவாக வந்தது!

அக்காவின் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. டீயை என் கையில் கொடுத்துவிட்டு, மெதுவாக, யாரும் கேட்காமல் சொன்னார்: "நல்லாருப்ப சேகரு. டேனிகிட்ட சொன்னா பைத்தியம்னுவான். அவரு கடைசியா மொகம் கழுவுன தண்ணி அதுல நிக்குது. நீதான சொன்ன, கடைசியா ஊத்துனது உள்ளயே நிக்கும்னு. நாப்பது நாளா நான் அதுல ஒரு சொட்டு வுடல. அவரு வூட்டுக்குள்ளதான் இருக்காருன்னு இருக்குது எனக்கு. அதான் இந்த வூட்ட வுட்டு எங்கயும் வரமாட்டேன்னேன்."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதே போயிருக்கலாம். யார் தடுத்தார்கள்? ஆனால் "ஜெபத்துக்கு இருந்துட்டுப் போ" என்று அக்கா சொல்லிவிட்டார். கடைசி வரிசையில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தேன். பாட்டுப் பாடினார்கள், பாஸ்டர் பேசினார், எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. அக்கா எழுந்து உள்ளே போவது தெரிந்தது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பாத்ரூம் கதவு நேராகத் தெரியும். அக்கா பேசின் பக்கத்தில் போய் நின்று, கவிழ்த்த தட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஜெபம் பண்ணினார்.

நான் ஊற்றிய அரை மக் குழாய்த் தண்ணீருக்கு.

எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பும்வரை காத்திருந்தேன். டேனியல் வேலூர்க்காரர்களை ஸ்டேஷனில் விடப் போனான். அக்கா பின்கட்டில் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"அக்கா, பொய் சொல்லிட்டேன். நான் தொறந்துட்டேன்."

அவர் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. "தொறந்து?"

"கொட்டிட்டேன்கா."

"எங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. கக்கூஸில் என்று சொல்ல நாக்கு எழவில்லை. பாத்ரூம் மூலையைக் கை காட்டினேன். அக்காவுக்குப் புரிந்தது.

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து பாத்ரூமுக்குப் போனார். தட்டை எடுத்தார். ரப்பர் மூடியைப் பிடுங்கினார். குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. டாங்கர் வந்தால்தான் தண்ணீர் என்றிருக்கும் ஊரில் நிறுத்தாமல் ஓடவிட்டு, இரண்டு கையாலும் பேசினைப் பிடித்துக்கொண்டு அழுதார். நாற்பது நாளில் அவர் அழுது யாரும் பார்க்கவில்லை என்று டேனியல் காலையில்தான் சொல்லியிருந்தான்.

அழுது முடித்துக் குழாயை மூடினார். என் பக்கம் திரும்பவில்லை. "ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சேகரு" என்றார். "கேட்டிருந்தா சொல்லிருப்பேனே. போ, போய்ட்டு வா."

அதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். வேறு பாடம் என்னிடம் இல்லை. தொடாதே என்றால் ஏன் என்று கேளுங்கள். வெளியே ஷாமியானா கட்டட்டும், பாஸ்டர் வரட்டும், மகன் கையைப் பிசையட்டும். கேட்க ஒரு மூச்சு போதும். கேட்டுவிட்டு ஸ்பேனரை எடுத்தால் என்ன, ஸ்பேனர் ஓடியா போய்விடும்?

உண்மையைச் சொன்னது சரியா என்று கேட்டால், இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அவருக்காகச் சொன்னேனா, என் நெஞ்சு பாரம் இறங்கச் சொன்னேனா என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். சொல்லாமல் இருந்தால் அவர் இன்னும் கொஞ்ச நாள் அண்ணனோடு இருந்திருப்பார்.

லில்லி அக்கா பெங்களூர் போகவில்லை, அந்த வீட்டிலேயே இருந்தார். ஆனால் என்னை அதன் பிறகு வேலைக்குக் கூப்பிடவில்லை. வேறு ஆளை வைத்துக்கொண்டார். கடைத்தெருவில் பார்த்தால், "நல்லாக்கிறியா?" என்பார். "நல்லாக்கிறேன்கா" என்பேன். அதற்கு மேல் பேச்சு இருக்காது. அவர் வீட்டு டீக்கு நான் எவ்வளவு ஏங்கியிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

இனி என் வீட்டு விஷயம். கமலாவை உங்களில் பலருக்குத் தெரியும். நீங்கள் எனக்கு போன் செய்தால், "அவரு குனிஞ்சிக்கினு கீறாரு, நிமிந்ததும் பேச சொல்றேன்" என்பாளே, அவள்தான்.

எங்கள் வீட்டுப் பேசின் ஹாலில் இருக்கிறது. கமலா டீ வடிகட்டியை அதில்தான் தட்டிக் கழுவுவாள். சமையலறைக் குழாயில் தண்ணீர் நூலாக வரும் என்பது அவள் வாதம். "பிளம்பர் பொண்டாட்டி பேசின்ல டீத்தூள் கொட்டலாமாடி?" என்று கல்யாணம் ஆன நாள் முதல் கத்தியிருக்கிறேன். "அடைச்சா எடுக்கத்தான ஒன்ன கட்டிக்கினேன்" என்பாள். போன வருடம் ஒரு நாள் காலையிலும் அதே சண்டை. நான் கத்தினேன், அவள் சிரித்தாள், வடிகட்டியைத் தட்டினாள், கை கழுவினாள், தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மறுநாள் காலை உடம்பாகத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

வீடு நிறையக் கூட்டம். அழுகிறவர்கள், சேர் போடுகிறவர்கள், பூ கொண்டுவருகிறவர்கள். நான் கமலாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பேசின் தெரிந்தது. ஓட்டையைச் சுற்றி நாலைந்து டீத்தூள் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே டிராப்பில் எந்தத் தண்ணீர் நிற்கிறது என்று எனக்கு அல்லாமல் வேறு யாருக்குத் தெரியும்? யாரோ ஒருவர் மாலையைப் போட்டுவிட்டு, கை கழுவ அந்தப் பக்கம் நடந்தார். தொடாதீங்க என்று கத்த வேண்டும்போல் இருந்தது. என்னவென்று சொல்வேன்? பொண்டாட்டி செத்துக் கிடக்கும்போது பேசினைப் பற்றிப் பேசுகிறான், புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள்.

"அங்க வேணாம். பின்னாடி டேப் இருக்குது, அங்க போங்க."

லில்லி அக்கா. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. பேசினுக்கு முதுகைக் காட்டி, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றிருந்தார்.

"ஏன், இன்னாச்சு?" என்றார் அந்த ஆள்.

"ரிப்பேரு."

என் மச்சான் பக்கத்தில்தான் இருந்தான். அந்தத் துக்கத்திலும் அவனுக்கு அது வேடிக்கையாகப் பட்டிருக்க வேண்டும். என் பக்கம் திரும்பி, "இன்னா மாமா, பிளம்பர் வூட்லயே பேசின் ரிப்பேரா?" என்று கேட்டான்.

"பார்ட் வரல" என்றேன்.

லில்லி அக்கா என்னைப் பார்க்கவில்லை. அடுத்து வந்தவரைப் பின்பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தார்.